ஆழ்கடல் ஸ்குவாட் லாப்ஸ்டரை இனங்காண்பது எப்படி? தட்டிலிருந்து பெயர்ச்சீட்டு வரை முழுமையான வழிகாட்டி

ஸ்குவாட் லாப்ஸ்டரைக் கையில் எடுத்ததும் எல்லோரும் முதுகைத்தான் பார்க்கிறார்கள். முள்ளும் வரியும் நிறமும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் குடும்பத்தையும் பேரினத்தையும் தீர்மானிக்கும் அடையாளங்களில் பாதி அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கின்றன: உணர்கொம்பின் அடிக்கணுக்கள், வாயுறுப்பு, மார்புத் தட்டு, கால்களின் அடி. புதியவர்கள் தவறும் மற்றோர் இடம் வரிசை. மாதிரியை எத்தனாலில் போட்டுவிட்டுப் படம் எடுப்பார்கள். பாலினம் பார்க்காமல் கவ்வுகாலை, அதாவது கிடுக்கியுள்ள நீண்ட முன்காலை, அளப்பார்கள். இது எந்தக் குடும்பம் என்று உறுதி செய்யாமல், கேள்வி கேள்வியாகக் கிளை பிரித்துப் பெயருக்குக் கொண்டுபோகும் இனத் திறவியைத் திறப்பார்கள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் பெரும்பாலும் திரும்பிப் போய்ச் செய்ய முடியாது.

பெயர் பற்றி ஒரு சொல். இந்த உயிரிக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. "லாப்ஸ்டர்" என்று அழைத்தாலும் இது சிங்கி இறாலின் நெருங்கிய உறவல்ல. துறவி நண்டும் பீங்கான் நண்டும் சேர்ந்த அனோமுரா கூட்டத்தைச் சேர்ந்தது. நம் சிங்கப்பூர் உணவுக்கடைகளில் "கிரேஃபிஷ்" என்று சம்பலில் வருவது தட்டைச் சிங்கி. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

6 மடங்கிலிருந்து 50 மடங்கு வரை பெருக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி, கண்ணாடியில் அளவுகோல் பொருத்தியது. ஒளிக்கு வளையும் கழுத்துள்ள இரண்டு விளக்குகள். மேலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் நுண்முட்கள் தெரியாது. பக்கவாட்டில் படுத்து விழும் ஒளியில்தான் நிழலோடு எழுந்து நிற்கும்.

எண் 5 நுனிமெல்லிய இடுக்கி இரண்டு, மென்மையான தூரிகை, டிஜிட்டல் காலிப்பர், கறுப்பு அடித்தளம் உள்ள கண்ணாடித் தட்டு, உடலை வேண்டிய கோணத்தில் தாங்கக் கொஞ்சம் கண்ணாடி மணிகள், மெத்திலீன் நீலக் கரைசல், கிளிசரின். பருத்திக் கூழ்த் தாளும் பென்சிலும் கட்டாயம். பந்துமுனைப் பேனாவின் மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். அதோடு மாதிரியின் வரலாறும் போய்விடும்.

எத்தனால் இரண்டு செறிவில் வேண்டும். திசுவுக்கு 95 சதவீதமோ அதற்கு மேலோ. உடலுக்கு 75 சதவீதம்: 95 சதவீத எத்தனால் 790 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் கிடைக்கும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் தூய எத்தனால் புட்டியைத் திறந்தே வைத்தால் அது நீரை உறிஞ்சும். சிறு புட்டிகளில் பிரித்து, வேண்டியதை மட்டும் திறவுங்கள்.

1. மாதிரியின் பின்னணியை முதலில் எழுதுங்கள்

சிங்கப்பூர்க் கடல் ஆழமற்றது. ஆழ்கடல் மாதிரிகள் இங்கே வெளியிலிருந்துதான் வருகின்றன. நல்ல எடுத்துக்காட்டு 2018 மார்ச் 23 முதல் ஏப்ரல் 5 வரை சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் சேர்ந்து நடத்திய தென் ஜாவா ஆழ்கடல் ஆய்வுப் பயணம். பருனா ஜெயா எட்டு கப்பலிலிருந்து 63 இடங்களில் வலையும் வாரிப்பெட்டியும் இறக்கி, 12,000-க்கும் மேற்பட்ட உயிரிகளை எடுத்தார்கள். அப்படி ஒரு பயணத்திலிருந்து வரும் குடுவையில் நிலைய எண் ஒன்று மாறினாலும் ஆழம், இடம், கூட வாழ்ந்த உயிரி மூன்றும் பொய்யாகிவிடும்.

சீட்டில் இருக்க வேண்டியவை: நிலைய எண், அட்சரேகை, தீர்க்கரேகை, வலை இழுக்கப்பட்ட தொடக்க ஆழமும் முடிவு ஆழமும், கருவி, தேதி, எடுத்தவர். இவற்றோடு, பலர் விட்டுவிடும் ஒன்று: எதன்மேல் இருந்தது? யூராப்டைகஸ் பேரினத்தார் பலர் கருப்புப் பவளம், விசிறிப் பவளம் போன்றவற்றில் ஒட்டி வாழ்பவர்கள். பவளத்தின் ஒரு துண்டையும் அதே எண்ணோடு எடுத்து வையுங்கள். சீட்டைக் குடுவைக்கு உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டியது ஒரு நாள் உதிரும்.

2. நிறம் போகும் முன் படம்

ஆழத்தில் சில டிகிரிக் குளிரில் வாழ்ந்த உயிரி 30 டிகிரி வெயிலில் மேல்தளத்துக்கு வருகிறது. அதிர்ச்சியில் கால்களை உதிர்க்கும். வலை வந்ததும் பனிக்கட்டி போட்ட கடல்நீருக்கு மாற்றுங்கள். நன்னீர்ப் பனி நேரடியாக உடலில் படக்கூடாது. பைக்குள் கட்டிப் போடுங்கள். உதிர்ந்த காலை அந்த உயிரியோடு அப்போதே சிறு குப்பியில் வையுங்கள். ஒரே தட்டில் பத்து உயிரி, முப்பது உதிர்ந்த கால் என்றானபின் யாருடைய கால் யாருக்கு என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆரஞ்சும் சிவப்பும் எத்தனாலில் விரைவில் வெளுத்துவிடும். நிறத்தைப் பார்ப்பது அழகுக்காக அல்ல. உருவத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும் முனிடிடே குடும்பத்து இனங்கள் சில, ஓட்டின் கோடுகளாலும் காலின் பட்டைகளாலும் பிரிகின்றன. வெளுத்தபின் அந்தச் சான்று நிரந்தரமாகப் போய்விடும்.

கறுப்புப் பின்னணியில், குளிர்ந்த கடல்நீரில் மூழ்கவைத்து, வயிற்றை நீட்டி, முதுகு, அடி, பக்கவாட்டு என மூன்று படம் எடுங்கள். அளவுகோலும் நிறப்பட்டையும் ஒவ்வொரு படத்திலும் இருக்கட்டும். குளிரறையிலிருந்து வெளியே கொண்டுவரும் கேமரா லென்ஸில் நம் ஊர்க் காற்று உடனே பனிபடியும். கேமராவை முன்பே வெளியே வைத்துப் பழக்கிவிட்டு, மாதிரியை மட்டும் கடைசி நிமிடத்தில் எடுங்கள்.

3. திசு, பிறகுதான் பாதுகாப்புத் திரவம்

இடப்பக்க நான்காம் காலின் (கவ்வுகாலை முதல் காலாக எண்ணுங்கள்) தொடைப்பகுதியிலிருந்து 2 அல்லது 3 மி.மீ. தசை போதும். இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வது, வலப்பக்கம் வரைவதற்கும் அளப்பதற்கும் முழுதாக இருக்கட்டும் என்பதற்காக. கவ்வுகாலிலிருந்தும் இரண்டாம் காலின் நுனிக்கணுவிலிருந்தும் எடுக்காதீர்கள்; இரண்டிலும் இனத்தை முடிவு செய்யும் அடையாளங்கள் இருக்கின்றன. ஒரு மாதிரியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இடுக்கியை நீர்த்த பிளீச்சில் முக்கி, கழுவி, எத்தனாலில் துடையுங்கள்.

திசுக் குப்பி 95 சதவீத எத்தனாலில், குளிர்ப்பெட்டியில் மைனஸ் 20 டிகிரியில். உடல் 75 சதவீதத்தில். உடலையும் 95-இல் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஓடு உடையும், காலை நீட்டினால் கணுவோடு வந்துவிடும். குடுவையில் உயிரி ஒரு பங்கு என்றால் திரவம் குறைந்தது மூன்று பங்கு இருக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து முழுதாக மாற்றவும் வேண்டும். உடலில் இருந்த நீர் முதல் நாளிலேயே செறிவைக் குறைத்துவிடுவதால்தான் பல குடுவைகள் ஆறு மாதத்தில் கலங்கி நாறுகின்றன.

பழைய சேகரிப்பிலிருந்து வந்த மாதிரி என்றால் ஃபார்மலினில் இருந்ததா என்று பதிவேட்டில் பாருங்கள். இருந்திருந்தால் மரபணு வேலை பெரும்பாலும் பலிக்காது; உருவத்தை மட்டுமே நம்புங்கள்.

4. இது ஸ்குவாட் லாப்ஸ்டர்தானா?

வீண் கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதே வலையில் பாலிகெலிடே எனும் குருட்டு லாப்ஸ்டர்களும் வரும். தட்டையான உடலையும் நீண்ட கைகளையும் பார்த்து ஏமாறுவார்கள். நான்கு இணைக் கால்களின் நுனியிலும் கிடுக்கி இருந்தால் அது பாலிகெலிடே. ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்குவாட் லாப்ஸ்டரில் நீண்ட கவ்வுகால் ஓர் இணை, வெளியே தெரியும் நடைகால் மூன்று இணை. ஐந்தாம் இணை எங்கே? ஓட்டின் பின்னோரத்தைத் தூரிகையால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். செவுள் அறைக்குள் மடிந்து, நுனியில் குட்டிக் கிடுக்கியும் ரோமமுமாக இருக்கும். செவுளைத் துடைக்கும் கால் அது. வயிறு உடலின்கீழ் மடிந்திருந்தாலும், உண்மை நண்டுபோல மார்போடு ஒட்டிப் பதிந்திருக்காது.

பீங்கான் நண்டுகளும் இதே ஐந்தாம் காலோடு வரும். கலாத்தியாய்டியா பெருங்குடும்பத்தில் ஸ்குவாட் லாப்ஸ்டர்களோடு அவற்றின் குடும்பமும் சேர்கிறது. ஆனால் அவற்றின் வயிறு நண்டுபோல முழுதும் மடிந்து ஒட்டியிருக்கும். கண் பழக வேண்டும் என்றால் சாங்கி, செக் ஜாவா பக்கம் நீர் வற்றும் நேரத்தில் கடற்பேனாக்களில் உட்கார்ந்திருக்கும் பீங்கான் நண்டுகளைப் பாருங்கள். பார்ப்பதோடு நிறுத்துங்கள், எடுக்க அனுமதி வேண்டும்.

5. பாலினம், ஒட்டுண்ணி, அளவு

இந்த மூன்றையும் திறவிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பெண்ணின் இனப்பெருக்கத் துளை மூன்றாம் காலின் அடிக்கணுவில்; ஆணுக்கு ஐந்தாம் காலின் அடிக்கணுவில். கவ்வுகாலின் பருமனைப் பார்த்துப் பாலினம் சொல்லாதீர்கள். பெரிய ஆணின் கவ்வுகால் தடித்து, விரல்களுக்கு இடையே இடைவெளி விழுந்திருக்கும். பெண்ணிலும் இளசிலும் அப்படி இருக்காது. ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக்கியவர்கள் பலர் இங்கேதான் விழுந்தார்கள்.

ஓட்டின் ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தால் அது இனத்தின் அடையாளம் அல்ல. செவுள் அறைக்குள் போபிரிட் எனும் ஐசோபாட் வகை ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கிறது. அந்த மாதிரியின் அகல அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வயிற்றின் அடியில் பைபோல ஏதாவது தொங்கினால், முட்டை என்று முடிவு செய்யுமுன் உற்றுப் பாருங்கள். ரைசோசெஃபலா ஒட்டுண்ணியாக இருக்கலாம்; அது ஆணைப் பெண்சாயலுக்கு மாற்றிவிடும்.

அளவு. கண்குழியின் பின்னோரத்திலிருந்து ஓட்டின் பின்னோர நடுப்புள்ளி வரை எடுப்பது ஓர் அளவு. ரோஸ்ட்ரம் என்னும் நெற்றிமுள்ளின் நுனியிலிருந்து எடுப்பது வேறோர் அளவு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: ஓடு 14 மி.மீ., ரோஸ்ட்ரம் 6 மி.மீ., கவ்வுகால் 60 மி.மீ. முதல் முறைப்படி கவ்வுகால் ஓட்டைப்போல் 4.3 மடங்கு, இரண்டாவதன்படி 3 மடங்கு. திறவியில் "4 மடங்குக்கு மேல்", "3.5 மடங்குக்குக் கீழ்" என்று இரு கிளை இருந்தால், அதே உயிரி இரண்டு வழியிலும் போகும். எந்த நூலின் திறவியோ அந்த நூலின் அளவுமுறை. அது முன்னுரையில்தான் இருக்கும், படிக்காமல் தாண்டாதீர்கள். உங்கள் குறிப்பேட்டில் இரண்டு அளவையும் தனித்தனியாக எழுதி வைப்பது நல்லது.

6. பெருங்குடும்பம்: உணர்கொம்பின் அடியை எண்ணுங்கள்

மாதிரியை மல்லாக்கப் போட்டு, தலையை உங்கள் பக்கம் சற்று உயர்த்துங்கள். நீண்ட உணர்கொம்பின் அடியில் எத்தனை கணுக்கள்? ஐந்து இருந்து, பக்கத்தில் ஊசிபோன்ற ஒரு செதிலும் இருந்தால் கைரோஸ்டைலாய்டியா. நான்கு மட்டும் இருந்து செதில் இல்லையென்றால் கலாத்தியாய்டியா. சில கைரோஸ்டைலாய்டுகளில் செதில் மிகச் சிறுத்துப்போயிருக்கும். அதனால் செதிலைத் தேடி நிற்காமல் கணுக்களை எண்ணுங்கள்.

அடுத்து வால். கைரோஸ்டைலிடேயின் வால்தட்டு ஒரே ஒரு குறுக்குக் கோட்டால் இரண்டாகப் பிரிந்து உள்பக்கம் மடிந்திருக்கும். முனிடிடே, முனிடாப்சிடே குடும்பங்களில் வால்தட்டு பல சிறு தகடுகளால் ஆனது. இரண்டு சான்றும் ஒன்றாகப் பேசினால் மேலே போங்கள். முரண்பட்டால் கணுக்களை மறுபடி எண்ணுங்கள். பத்தில் ஒன்பது தடவை தவறு அங்கேதான் இருக்கும்.

7. குடும்பம்

கலாத்தியாய்டியா பக்கம் வந்திருந்தால் நெற்றியைப் பாருங்கள்.

ரோஸ்ட்ரம் ஊசிபோல் மெலிந்து, அதன் இரு பக்கமும் கண்ணுக்கு மேல் ஒவ்வொரு முள், ஆக மூன்று முள் திரிசூலம்போல் நின்றால், கண்ணும் பெரிதாகக் கருத்திருந்தால் முனிடிடே. ரோஸ்ட்ரம் அகன்ற முக்கோணமாய், ஓரத்தில் பற்களோடு இருந்தால் கலாத்தியிடே. இவர்கள் பெரும்பாலும் ஆழமற்ற நீர்க்காரர்கள். கண் சிறுத்து, நிறமற்று, சில நேரம் கண்ணின்மேலேயே முள் முளைத்து, திரிசூல அமைப்பும் இல்லையென்றால் முனிடாப்சிடே. 5,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டியும் கிடைப்பவை இந்தக் குடும்பத்தின் முனிடாப்சிஸ் இனங்கள்.

நெற்றியில் முடிவு கிடைக்கவில்லையா? வாயருகே உள்ள கால்போன்ற உறுப்புகளில் முதல் இணைத் தாடைக்காலைப் பாருங்கள். அதன் வெளிக்கிளையின் நுனியில் சாட்டைபோன்ற நீட்சி முனிடாப்சிடேயில் இருக்காது. மற்ற இரண்டில் பொதுவாக இருக்கும். மூன்றாம் இணைத் தாடைக்காலை இடுக்கியால் ஒதுக்கினால்தான் தெரியும். பொறுமை வேண்டும். இழுத்துப் பிய்த்துவிட்டால் அடுத்தவர் சரிபார்க்க வழியில்லை.

கைரோஸ்டைலாய்டியா பக்கம்: நெற்றியில் ரோஸ்ட்ரத்தோடு இரண்டு இணை முள், ஆக ஐந்து முள் நின்றால் யூமுனிடிடே. முதுகில் குறுக்கு வரிகளும் இருப்பதால் இதை முனிடிடே குடும்பத்தின் முனிடா என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமான பிழை. மூன்றா ஐந்தா என்று எண்ணிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. கண்ணுக்கு மேல் முள் இல்லாமல், முக்கோண ரோஸ்ட்ரத்தோடு இருப்பவை பெரும்பாலும் கைரோஸ்டைலிடேயின் யூராப்டைகஸ். கீவா என்னும் ரோமம் அடர்ந்த பேரினம் தனிக் குடும்பம். 2005-இல் விவரிக்கப்பட்ட அது வெந்நீர் ஊற்றுகளுக்கும் கசிவுகளுக்கும் உரியது. ரோமம் நிறைய இருப்பதாலேயே கீவா என்று எழுதிவிடாதீர்கள். ஒகினாவா பள்ளத்து ஊற்றுகளிலும் தென்சீனக் கடலின் குளிர்க் கசிவுகளிலும் கூட்டமாக வாழும் ஷின்காயாவுக்கும் அடிப்பக்கத்தில் அடர்ந்த ரோமம் உண்டு, அது முனிடாப்சிடே.

8. பேரினமும் இனமும்: எதை, எங்கே பார்ப்பது

இங்கே நேரம் செலவிடுங்கள். ஒரு மாதிரிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆவது இயல்பு.

முதலில் சொல்லாட்சி. முள், நுண்முள், சிறுமணி மூன்றும் வெவ்வேறு. குறிப்பைத் தமிழில் எழுதுவதானால் இந்த மூன்றுக்கும் மூன்று சொல்லை முடிவு செய்து, கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள். "முள் உள்ளது" என்று பொதுவாக எழுதிய குறிப்பு மறுவாரம் உங்களுக்கே பயன்படாது.

முள்ளை மூடியிருக்கும் ரோமத்தைத் தூரிகையால் ஒதுக்குங்கள். ஒரு துளி மெத்திலீன் நீலம் வைத்து உடனே எத்தனாலால் கழுவினால் வரிகளும் நுண்முட்களும் எழுந்து தெரியும். பிறகு நீலம் போய்விடும். இன்னோர் உத்தி, மாதிரியைத் திரவத்துக்கு வெளியே ஒரு நிமிடம் மட்டும் வைத்து மேல்பரப்பு காயத் தொடங்கும்போது பார்ப்பது. ஒரு நிமிடத்துக்கு மேல் குளிர்சாதன அறையில் வைத்தால் கணு சுருங்கும்.

முனிடிடே: ஓட்டின் பின்னோரத்தில் முட்கள் உண்டா? இருந்தால் அகோனோனிடா பக்கம் யோசியுங்கள். ரோஸ்ட்ரம் குட்டையாய், உணர்கொம்பின் முதல் கணு மிக நீண்டு முன்னே துருத்தியிருந்தால் பாராமுனிடா. அடுத்து: செவுள்பகுதி ஓரத்தில் எத்தனை முள், குட்டை உணர்கொம்பின் அடிக்கணுவில் உள்முள் நீளமா, வெளிமுள் நீளமா, நீண்ட உணர்கொம்பின் முதல் கணுவின் உள்முள் இரண்டாம் கணுவின் முடிவைத் தொடுகிறதா, தாண்டுகிறதா, மார்புத் தட்டில் வரிகள் உண்டா, கடைசித் தட்டின் ஓரத்தில் சிறுமணிகள் உண்டா, வயிற்றின் இரண்டாம் வளையத்தில் எத்தனை முள், இரண்டாம் காலின் நுனிக்கணுவில் நுண்முட்கள் நுனிவரை போகின்றனவா, நுனிக்கு முன்பே நிற்கின்றனவா. இந்தக் கடைசிக் கேள்விக்காகவே அந்தக் காலில் திசு எடுக்க வேண்டாம் என்று மேலே சொன்னது.

முனிடாப்சிஸ்: ரோஸ்ட்ரத்தின் வடிவம், கண்முள், வயிற்று வளையங்களில் முள், வால்தட்டில் எத்தனை தகடு, கவ்வுகாலின் அசையாவிரல் வெளியோரத்தில் பல்வரிசை மேடு உண்டா. புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுவது ஒன்று: எபிபாட். கால்களின் அடியிலிருந்து செவுள் பக்கம் நீளும் மெல்லிய இழைபோன்ற உறுப்பு. கவ்வுகாலில் மட்டும் உண்டா, நடைகால்களிலும் உண்டா, எதிலுமே இல்லையா என்பது பல திறவிகளில் தொடக்கக் கேள்வி. ஓட்டின் ஓரத்தைச் சற்றுத் தூக்கி, வலப்பக்கமும் இடப்பக்கமும் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஒடிந்திருக்க வாய்ப்பு உண்டு. இரு பக்கமும் இல்லை என்றால்தான் "இல்லை" என்று எழுதலாம்.

யூராப்டைகஸ்: முதுகு பெரும்பாலும் வழவழப்பாக ஒரே மாதிரி இருக்கும், முதுகை நம்புபவர் இங்கே தோற்பார். மூன்றாம் மார்புத் தட்டின் முன்னோரம் எவ்வளவு குழிந்திருக்கிறது, நடுவில் பிளவு உண்டா, அதன் இரு பக்கமும் முள் உண்டா. உணர்கொம்புச் செதில் எந்தக் கணுவரை எட்டுகிறது. நடைகால் நுனிக்கணுவின் உள்ளோர முட்களில் கடைசி முள்ளும் அதற்கு முந்தையதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. நுனிக்கணுவைக் கிளிசரின் துளியில் வைத்து அதிகப் பெருக்கத்தில் பாருங்கள். எண்ணி, வரைந்து வையுங்கள்.

யூமுனிடா என்றால் கவ்வுகால் உள்ளங்கையைத் திருப்புங்கள். அடிப்பரப்பில் அடர்ந்த ரோம மெத்தை இருக்கிறதா இல்லையா என்பதே பாதி வேலை.

கவ்வுகால் ஒன்று மட்டும் சிறுத்து, முட்கள் குறைந்திருந்தால் அது ஒடிந்து மறுபடி வளர்ந்தது. அதை அளக்காதீர்கள். ஒரே நிலையத்தில் ஐந்து மாதிரி இருந்தால் ஐந்தையும் பாருங்கள். முள் எண்ணிக்கை இடமும் வலமும்கூட வேறுபடும்.

9. திறவியை ஓட்டி, மூலத்தோடு ஒப்பிடுங்கள்

ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களில் எது உங்கள் வட்டாரத்துக்கு உரியது? 2008-இல் சூடாக்சா இதழில் வந்த உலகப் பட்டியலிலிருந்து தொடங்கி, அதன்பிறகு விவரிக்கப்பட்டவற்றைச் சேர்த்து, வேட்பாளர் பட்டியல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஜாவாவுக்குத் தெற்கே கிடைத்த மாதிரிக்கு மேற்கு பசிபிக் திறவி மட்டும் போதாது. இன்வெஸ்டிகேட்டர் கப்பல் எடுத்த வங்கக் கடல், அந்தமான் கடல் இனங்களை விலங்கியலாளர் ஆல்காக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்திருக்கிறார். இந்தியப் பெருங்கடல் பக்கம் அவற்றைத் தாண்டிப் போகக்கூடாது.

பெயர்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. கலாத்தியாய்டியாவின் குடும்ப எல்லைகள் 2010-இல் மாற்றி வரையப்பட்டன. ஸ்டெர்னோஸ்டைலிடே 2018-இல் தனிக் குடும்பமானது. முனிடா என்ற பெரும் பேரினம் 2022-இல் பல பேரினங்களாகப் பிரிந்தது. பழைய திறவி "முனிடா" என்று கொண்டுபோய் விடும் இனம் இன்று வேறு பேரினத்தில் இருக்கலாம். திறவி பழையதாக இருப்பதில் தவறில்லை. கிடைத்த பெயரை உலகக் கடல் உயிரிகள் பதிவேட்டில் தேடி, இன்றைய பெயரை எழுதுங்கள்.

திறவி எப்போதும் ஏதோ ஒரு பெயரில்தான் முடியும். உங்கள் இனம் அதில் இல்லாவிட்டாலும் ஒரு பெயரைக் கொடுக்கும்! அதனால் திறவியின் முடிவை விடையாகக் கொள்ளாமல், அந்த இனத்தின் மூல விவரிப்பை எடுத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். பொருந்தாத அடையாளங்களையும் எழுதுங்கள். பொருந்தியதை மட்டும் எழுதுவது ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல. முடிந்தால் ஒப்பீட்டு மாதிரியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெண்ட் ரிட்ஜில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் விலங்கியல் ஒப்பீட்டுச் சேகரிப்பில் இந்த வட்டாரத்து ஓட்டுடலிகள் ஏராளம். முன்கூட்டி எழுதிக் கேட்டு, எந்த மாதிரிகள் வேண்டும் என்பதைப் பதிவெண்ணோடு சொல்லுங்கள்.

10. மரபணு: சாட்சி, நீதிபதி அல்ல

வழக்கமாகப் பார்ப்பது மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுத் துண்டு, சுமார் 658 எழுத்து, கூடவே 16எஸ். எழுத்துவரிசை வந்ததும் முதுகெலும்பிலியின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டுப்படி புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். இடையில் நிறுத்தக் குறி வந்தால், படித்ததில் பிழை இல்லையென்றால், அது உண்மையான மரபணுவாக இல்லாமல் இருக்கலாம். உட்கருவுக்குள் புகுந்த போலிப்பிரதியா என்று சந்தேகியுங்கள்.

பொதுத் தரவுத்தளத்தில் 99 சதவீதம் பொருந்துகிறது என்பதால் பெயர் முடிவாகிவிடாது. அந்த வரிசையைப் போட்டவர் மாதிரிக்குச் சரியான பெயர்தான் வைத்தாரா? மாதிரி எந்த அருங்காட்சியகத்தில், எந்தப் பதிவெண்ணில் இருக்கிறது? பதிவெண் இல்லாத வரிசைக்குக் குறைந்த மதிப்பே கொடுங்கள். மறுபக்கம், உருவத்தில் ஒன்று என்று எண்ணப்பட்டவை மரபணுவில் பிரிந்து, பிறகு உருவத்திலும் வேறுபாடு தெரிந்த கதை இந்தக் கூட்டத்தில் உண்டு: அகோனோனிடா இன்செர்டா, யூராப்டைகஸ் நாசோ இரண்டும் அப்படிப் பல இனங்களாயின. மரபணு "வேறு" என்று சொன்னால் 8-ஆம் படிக்குத் திரும்பிப் போய், நுனிக்கணு முட்களையும் நிறப் படங்களையும் மறுபடி பாருங்கள்.

11. எந்த அளவு உறுதியோ அந்த அளவு பெயர்

கால்கள் போன, இளசான ஒற்றை மாதிரிக்கு "முனிடாப்சிஸ், இனம் 1" என்று எழுதுவது தோல்வி அல்ல. ஒரு இனத்தோடு பெரும்பாலும் பொருந்துகிறது, ஆனால் முக்கிய உறுப்பு ஒன்று இல்லை என்றால் "ஒப்பிடுக" எனப் பொருள்படும் சிஎஃப் குறி. அந்த இனத்துக்கு நெருக்கம், ஆனால் அது அல்ல என்றால் ஏஎஃப்எஃப் குறி. இரண்டையும் மாற்றிப் போடுபவர்கள் அதிகம்.

புதிய இனம் என்று தோன்றினால் நிதானம். ஹோலோடைப்பாக, அதாவது அந்தப் பெயருக்கு நிரந்தர அடையாளமாக, ஒரே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: முதிர்ந்தது, ஒட்டுண்ணி இல்லாதது, இரண்டாம் கால் நுனிக்கணு முழுதாய் இருப்பது, நிறப் படமும் திசுவும் உள்ளது. விவரிப்பு அச்சில் வரும்போது புதிய இனம் என்ற வெளிப்படையான அறிவிப்பு, மற்ற இனங்களிலிருந்து பிரிக்கும் அடையாளங்கள், ஹோலோடைப் எது, அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படுகிறது என்பவை இருந்தாக வேண்டும். மின்னிதழில் மட்டும் வருவதானால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவும் கட்டாயம். 2012 முதல் இதுதான் விதி. இனப்பெயரின் இரண்டாம் சொல்லான அடைமொழி பெயரடையானால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும்: முனிடா, முனிடாப்சிஸ், யூமுனிடா பெண்பால், யூராப்டைகஸ் ஆண்பால்.

அதுவரை அந்தப் பெயரைக் குடுவைச் சீட்டிலோ, மாநாட்டுச் சுவரொட்டியிலோ, இன்ஸ்டாகிராமிலோ எழுதாதீர்கள். விவரிப்பு இல்லாமல் வெளியே வந்த பெயர் வெற்றுப் பெயர். செல்லாது, ஆனால் குழப்பம் மட்டும் மிஞ்சும்.

12. திரும்ப வைப்பது

உங்கள் முடிவைப் புதுச் சீட்டில் எழுதுங்கள்: பெயர், முடிவு செய்தவர், ஆண்டு. பழைய சீட்டுகளை எடுக்கவோ அடிக்கவோ கூடாது, தவறு என்று தெரிந்தாலும். உதிர்ந்த கால், பிரித்த தாடைக்கால், நுனிக்கணு ஒவ்வொன்றும் தனிக் குப்பியில், அதே பதிவெண்ணோடு, அதே குடுவைக்குள். திசுக் குப்பியின் எண்ணையும் படக் கோப்பின் எண்ணையும் சீட்டின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். மூடியை இறுக்கும் முன் திரவம் கழுத்துவரை இருக்கிறதா என்று பாருங்கள். மேலே காற்று அதிகம் இருந்தால் முதலில் காய்ந்து ஒடிவது நீட்டிக்கொண்டிருக்கும் கவ்வுகால்தான்.